மைசூர் டூருக்கு 4,800 ரூபாய்

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று நாள் மைசூர் டூருக்கு 4,800 ரூபாய் கேட்டு சர்க்குலர் வந்திருக்கிறது. ஆண்டு விழா நடன உடைக்குத் தனியாக 900. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். இதையெல்லாம் கொடுத்தே ஆக வேண்டுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை அம்மா. பள்ளிக் கட்டணம் வேறு, டூர் பணம் வேறு. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அதைக் கட்டித்தான் தீர வேண்டும். மைசூர் அரண்மனை அப்படியில்லை. அதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள்.

ஆனால் பிள்ளையின் முகம் வாடுமே என்பதுதானே உங்கள் கவலை? நானும் டூர் போகாத பிள்ளைதான். வகுப்பே கிளம்பிப் போனபின் மீந்த ஒன்பது பேரை ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மூன்று நாளும் பாடம் இல்லை, போர்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்தவர்கள் மைசூர்பாகு கொடுத்தார்கள். அதை நான் சாப்பிடவில்லை, டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அரண்மனையைப் பார்க்காதது மறந்துவிட்டது, அந்த பெஞ்ச் மறக்கவில்லை.

அதனால் வகுப்பு ஆசிரியையை நேரில் பார்த்து, "வராத பிள்ளைகளுக்கு அந்த மூன்று நாளும் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பணம் கட்டாதவர்கள் பெயரை வகுப்பில் வாசிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அனுப்ப மனமிருந்தால், இரண்டு தவணையாகத் தரலாமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கீழடியைச் சொல்லிப் பாருங்கள். 2023-இல் திறந்த அருங்காட்சியகம், மதுரையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள்தான். பள்ளி பஸ்ஸிலேயே போய், கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம்.

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் என்று லீவு லெட்டர் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அப்பா ஒரு நாள் ஓட்டினால் டீசல் போக எவ்வளவு மிஞ்சும் என்று அவளையே கணக்குப் போடச் சொல்லலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது புரியும். கொஞ்சம் அழுவாள், அழட்டும்.

அப்புறம் அந்த 900 ரூபாய் உடை. போன வருடம் மேடையேறிய பிள்ளைகளின் வீட்டில் விசாரியுங்கள். ஒரே ஒரு தடவை உடுத்தியதோடு எங்காவது பீரோவில் கிடக்கும்.