மகள் ஓட்டுப் போடட்டும்

அன்புள்ள ஐயா,

என் மகள் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. ஃபோன் செய்தால் மாணவர் சங்கம், தேர்தல், கூட்டம் என்றே பேசுகிறாள். படிக்கப் போன இடத்தில் இதெல்லாம் எதற்கு? அப்படி அந்தச் சங்கத்தில் என்னதான் நடக்கிறது?

ஒரு தந்தை, தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் மகள் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

சங்கத்தை நடத்துவது தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர் என்று நாலு பேர். இந்த நாலு பேருக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் எல்லோரும் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். அதோடு, ஒவ்வொருவரும் தான் படிக்கும் புலத்துக்கான (பல துறைகள் சேர்ந்த பிரிவு) கவுன்சிலர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்தலை நடத்தும் ஆணையமும் மாணவர்கள்தான். வாக்குச் சீட்டு அடிப்பதில் தொடங்கி விடிய விடிய எண்ணி முடிப்பது வரை அவர்கள் பொறுப்பு, இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் அந்தச் சுமையைத் தூக்குவதைப் பார்த்தால் உங்களுக்கே மரியாதை வரும்.

வாக்குப்பதிவுக்கு முன்பு தலைவர் வேட்பாளர்களின் விவாதம் நடக்கும். நான் ஒரு முறை இரவு முழுக்க உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பேசிவிட்டு இறங்கிப் போய்விட முடியாது, எதிர் வேட்பாளர் கேட்பார், அப்புறம் கூட்டத்திலிருந்து மாணவர்கள் கேட்பார்கள், விடுதி, உதவித்தொகை என்று எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். நம் ஊர்ச் சட்டமன்ற வேட்பாளர் யாரையாவது இப்படி நிற்க வைத்துக் கேட்டிருக்கிறோமா?

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது ஜி.பி.எம். என்று அங்கே சொல்லும் பொதுக்கூட்டம். ஜெயித்தவர்கள் நினைத்ததை எல்லாம் அவர்களே முடிவு செய்துவிட முடியாது, பெரிய விஷயம் என்றால் மாணவர்கள் கூடி, பேசி, ஓட்டெடுத்து முடிவு செய்கிறார்கள். 1977இல் சங்கத் தலைவராக இருந்த சீதாராம் யெச்சூரி, நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற பிறகும் பல்கலைக்கழக வேந்தர் பதவியில் இருந்த இந்திரா காந்தியின் வீட்டுக்கே மாணவர்களோடு போய், அவர் எதிரிலேயே, பதவி விலகச் சொல்லும் மனுவை வாசித்தார். இந்திராவும் வேந்தர் பதவியிலிருந்து விலகினார். தன் பின்னால் கூட்டம் நிற்கிறது என்ற உறுதி இல்லாத ஒரு மாணவனுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வரும்?

பணம் விளையாடுமே என்று கேட்பீர்கள். மாணவர் சங்கத் தேர்தல்களுக்காக லிங்டோ குழு வகுத்து, 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விதிகளின்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான். 75 சதவீத வருகைப் பதிவு இல்லாமல் நிற்கவும் முடியாது, படிப்பைப் பற்றிய உங்கள் கவலைக்கு இது கொஞ்சம் ஆறுதல். அதே விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2008இல் தேர்தலுக்குத் தடை வந்து, 2012 வரை தேர்தலே இல்லை. 2019க்குப் பிறகும் 2024 வரை நடக்கவில்லை. அந்த வருடங்களில் சேர்ந்து, ஒரு ஓட்டுக்கூடப் போடாமல் படித்து வெளியே போன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்த முறை ஃபோன் செய்யும்போது அவள் புலத்தில் கவுன்சிலருக்கு யார் யார் நிற்கிறார்கள், யாருக்கு ஓட்டு, ஏன் என்று கேளுங்கள். ரொம்ப நேரம் பேசுவாள்.