நெட்வொர்க் துறை மகளுக்கு ஏற்றதா எனக் கேட்கும் பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தங்கள் மகள் மென்பொருள் எழுதும் படிப்பை விட்டுவிட்டுக் கணினி வலையமைப்புத் துறைக்குச் செல்ல விரும்புவதாகவும், உறவினர்கள் அதைக் "கேபிள் இழுக்கிற வேலை" என்று சொல்லித் தங்களைக் கலங்க வைத்திருப்பதாகவும், இதற்கிடையே ஒரு பயிற்சி நிலையம் மூன்றே மாதத்தில் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். துறையைப் பற்றிய அச்சம் தேவையற்றது. பயிற்சி நிலையத்தைப் பற்றிய தயக்கம் நியாயமானது. ஒரு கணினியிலிருந்து புறப்படும் தரவு மறுமுனையை எப்படிச் சென்றடைகிறது என்பதைத் தொடக்கம் முதல் முடிவு வரை தடுமாறாமல் சொல்லத் தெரிந்தவர்களே இந்தத் துறையில் நிலைத்து நிற்கிறார்கள். சான்றிதழை மட்டும் நம்பி வருபவர்கள் விரைவில் சலித்துப்போகிறார்கள். அந்த அடிப்படை என்னவென்று தாங்களும் ஓரளவு அறிந்திருந்தால் எந்தப் பயிற்சியையும் தாங்களே எடைபோட்டுவிடலாம் என்பதால், முதலில் அதையே எழுதுகிறேன்.

உலாவியில் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும், அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரியைக் கணினி கண்டறிந்தாக வேண்டும். வலையமைப்பில் தரவைக் கொண்டுசெல்லும் கருவிகள் எண் முகவரியைத்தான் பார்க்கின்றன, பெயரை அல்ல. கணினி முதலில் தான் ஏற்கெனவே சேமித்துவைத்த விடைகளில் தேடும். அங்கே இல்லையென்றால், பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். அந்தச் சர்வர் தேவைப்பட்டால் பெயர் அமைப்பின் உச்சியில் உள்ள மூலச் சர்வர்களில் தொடங்கிப் படிப்படியாக விசாரித்து விடையைக் கொண்டுவரும். இந்த ஏற்பாட்டை 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைப்பதற்கு முன்பு, எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் பராமரிக்கப்பட்டு, ஒவ்வொரு நிறுவனமும் அதை அவ்வப்போது நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. "இன்டர்நெட் வரவில்லை" என்ற புகாரைத் துருவிப் பார்த்தால், இணைப்பு நன்றாகவே இருக்க, பெயரை எண்ணாக மாற்றும் இந்த ஒரு படி மட்டும் பழுதாகியிருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

முகவரி கிடைத்தபின் தரவு பாக்கெட்டுகள் என்ற சிறு துண்டுகளாக உடைக்கப்படுகிறது. ஈதர்நெட் எனும் கம்பிவழி இணைப்பில் ஒரு பாக்கெட் வழக்கமாக 1500 பைட்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. அதில் முகவரிகளைத் தாங்கும் ஐபி தலைப்புக்குக் குறைந்தது 20 பைட்டும், தரவு முழுதாகச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி என்ற நெறிமுறையின் தலைப்புக்குக் குறைந்தது 20 பைட்டும் போக, உண்மையான தரவுக்கு மிஞ்சுவது 1460 பைட்டுகள். ஆகவே 20 லட்சம் பைட்டுகள் கொண்ட ஒரு புகைப்படம் ஏறத்தாழ 1370 பாக்கெட்டுகளாகப் பிரிந்து செல்லும். அவை அனைத்தும் ஒரே வழியில் செல்ல வேண்டும் என்றோ, அனுப்பிய வரிசையிலேயே போய்ச் சேர வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. பழைய தொலைபேசி முறையில் இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு தடம் முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாகத் தரவைச் சிறு துண்டுகளாக்கி, பலரும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி செய்யும் யோசனையை 1960களில் அமெரிக்காவில் பால் பேரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே முன்வைத்தனர். இன்றைய இணையம் முழுவதும் அந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது.

மாணவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் அடுத்து வருவதுதான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. வலையமைப்பு அட்டையில் பதிந்துவரும் 48 பிட் மேக் முகவரி ஒன்று. எந்த வலையமைப்பில் இணைந்திருக்கிறதோ அதைப் பொறுத்து அமையும் ஐபி முகவரி மற்றொன்று. பாக்கெட்டை அனுப்புவதற்கு முன் கணினி, சேரவேண்டிய முகவரி தன் உள்வலையமைப்பைச் சேர்ந்ததா, வெளியே உள்ளதா என்று உள்வலையமைப்பின் எல்லையைக் குறிக்கும் சப்நெட் மாஸ்க் என்ற எண்ணைக் கொண்டு கணக்கிடுகிறது. 255.255.255.192 என்ற மாஸ்க்கில் ஒவ்வோர் உள்வலையமைப்பிலும் 64 முகவரிகள் அடங்கும். முதல் முகவரியும் கடைசி முகவரியும் தனிப் பயனுக்கு ஒதுக்கப்படுவதால், கருவிகளுக்கு வழங்கக்கூடியவை 62. கடைசி எண் 0 முதல் 63 வரை ஒரு வலையமைப்பு, 64 முதல் 127 வரை அடுத்தது, 128 முதல் 191 வரை அதற்கடுத்தது என்று பிரியும். எனவே 192.168.10.70 என்ற கணினிக்கு 192.168.10.100 பக்கத்தில் இருப்பது; 192.168.10.130 வேறு வலையமைப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், முதலாவதற்கு நேரடியாக அனுப்பலாம், இரண்டாவதற்கு வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரூட்டரின் துணை வேண்டும். தங்கள் மகள் இந்தக் கணக்கைத் தாளும் பேனாவும் கொண்டு போட்டுக்காட்டுகிறாரா என்று பாருங்கள். இணையக் கால்குலேட்டரை மட்டும் நம்பிப் படித்தவர்கள் நேர்காணலில் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

சேருமிடம் வெளியே இருக்கிறது என்று தெரிந்தால், கணினி ஏஆர்பி என்ற நெறிமுறையின் மூலம் "ரூட்டரின் இந்த ஐபி முகவரி யாரிடம் இருக்கிறது?" என்று தன் உள்வலையமைப்பு முழுவதும் கேட்டு, ரூட்டரின் மேக் முகவரியைப் பெறுகிறது. இப்போது புறப்படும் பாக்கெட்டில் சேரவேண்டிய ஐபி முகவரி தொலைவில் உள்ள சர்வருடையது, ஆனால் சேரவேண்டிய மேக் முகவரி பக்கத்தில் இருக்கும் ரூட்டருடையது. பல ஊர்களில் பேருந்து மாறிச் செல்லும் பயணி, போய்ச் சேரவேண்டிய ஊரை மாற்றிக்கொள்ளாமல் வண்டியை மட்டும் மாற்றிக்கொள்வதைப்போல, வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரும் பழைய மேக் உறையை நீக்கிவிட்டு அடுத்த கட்டத்துக்கான புதிய உறையைப் போடுகிறது. சேரவேண்டிய ஐபி முகவரி மட்டும் அப்படியே நிற்கிறது. அனுப்புநரின் ஐபி முகவரி வீட்டு ரூட்டரைக் கடக்கும்போது பெரும்பாலும் மாற்றப்படும். 32 பிட் அளவுள்ள பழைய ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான் என்பதால், ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்ளச் செய்த ஏற்பாடு அது. புதிய முகவரிகளை வழங்கிவந்த மையத் தொகுப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. 128 பிட் அளவுள்ள ஐபிவி6 முறையைப் பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடும் பயிற்சி நிலையம் காலத்தில் பின்தங்கியது என்றே கொள்ளலாம்.

ஒவ்வொரு ரூட்டரும் பாக்கெட்டில் உள்ள ஓர் ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது. அது பூஜ்ஜியமானால் பாக்கெட்டைக் கைவிட்டு, அனுப்பியவருக்கு வழக்கமாகத் தகவலும் தருகிறது. வழி தவறிய பாக்கெட்டுகள் முடிவின்றிச் சுற்றிவராமல் தடுக்கச் செய்த இந்த ஏற்பாட்டையே பயன்படுத்தித்தான் ட்ரேஸ்ரூட் என்ற கருவி வழியில் உள்ள ரூட்டர்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறது. இந்தச் சாமர்த்தியத்தைக் கேட்டதும் ஒரு மாணவிக்கு முகம் மலர்ந்தால், அவர் இந்தத் துறைக்கு உரியவர் என்று நான் பெரும்பாலும் முடிவு கட்டிவிடுவேன்.

ஐபி, பாக்கெட்டைக் கொண்டுசேர்க்க முயல்கிறதே தவிர, உறுதி எதுவும் தருவதில்லை. அந்தப் பொறுப்பை ஏற்பது டிசிபி. அது முதலில் மறுமுனையுடன் மூன்று செய்திகளில் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு, ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் இட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வராதவற்றை மீண்டும் அனுப்புகிறது. நேரடிக் குரல் உரையாடல் போன்றவற்றில் தாமதமாக வந்துசேரும் பாக்கெட்டால் பயன் இல்லை என்பதால், அங்கே இந்தச் சடங்குகள் இல்லாத யுடிபி பயன்படுகிறது. நெரிசலை எப்படிச் சமாளிப்பது என்பதை வலையமைப்பு பட்டுத்தான் கற்றது: 1986ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவில் 400 கெஜ தொலைவில் இருந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே தரவின் வேகம் நொடிக்கு 32 ஆயிரம் பிட்டுகளிலிருந்து 40 பிட்டுகளாகச் சரிந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், நெரிசலின் அறிகுறி தெரிந்ததும் அனுப்பும் கணினியே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வழிமுறைகளை டிசிபியில் கொண்டுவந்தார்.

தாமதத்தைப் பற்றியும் ஒரு கணக்கு சொல்கிறேன், ஏனெனில் விளம்பரங்கள் இதை மறைத்துவிடுகின்றன. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 5000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சர்வருக்குப் போய்வரக் குறைந்தது 50 மில்லி நொடி ஆகும். டிசிபி இணைப்புக்கு ஒரு நடை, தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைக்கும் டிஎல்எஸ் 1.3 பாதுகாப்புக்கு ஒரு நடை, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு நடை என்று மூன்று நடைகளில் 150 மில்லி நொடி கழிந்த பின்புதான் முதல் எழுத்தே வந்து சேரும். எவ்வளவு அகலமான இணைப்பை வாங்கினாலும் இந்தத் தாமதம் குறையாது. சர்வரை அருகில் கொண்டுவர வேண்டும் அல்லது நடைகளைக் குறைக்க வேண்டும். பிறருடைய சர்வர்களை இணையம் வழியே வாடகைக்குப் பயன்படுத்தும் மேகக் கணினி முறை வந்ததால் நெட்வொர்க் வேலை போய்விடும் என்று தாங்கள் கேள்விப்பட்டதற்கும் இதுவே என் பதில். அங்கேயும் சப்நெட் பிரிக்க வேண்டும், வழித்தட அட்டவணை எழுத வேண்டும், எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற ஃபயர்வால் விதிகளை வகுக்க வேண்டும். கேபிளும் பெட்டியும் கண்ணில் படாமல் போனாலும் கணக்கு அதேதான். ஆனால் விதிகளை நூற்றுக்கணக்கான கருவிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதற்குப் பைத்தான் போன்ற ஒரு நிரல் மொழியில் ஓரளவு பயிற்சி வேண்டியிருக்கும். நிரல் எழுதுவதிலிருந்து முழுவதும் தப்பிக்கலாம் என்ற எண்ணத்தில் தங்கள் மகள் இங்கே வருகிறார் என்றால், அதை இப்போதே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரவு நேரப் பணியும், பழுது நேர்ந்தால் விடுமுறையிலும் வரும் அழைப்பும் பல நிறுவனங்களில் இந்த வேலையின் பகுதி என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

தரவுப் பயணத்தைக் கேபிள் முதல் செயலி வரை பிரித்துக் காட்டும், பாடநூல்களில் வரும் ஓஎஸ்ஐ ஏழு அடுக்குகளைப் பெரும்பாலோர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். வேலையில் அவை பழுது தேடும் வரிசையாகவே பயன்படுகின்றன. ஒரு கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்க வேண்டிய டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராமல் கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த நிலையில் உலாவியை மாற்றிப் பார்ப்பதும், இணையதளத்தைக் குறை சொல்வதும் வீண்வேலை, கேபிளையும், கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் அது செருகப்பட்ட போர்ட்டையும், டிஎச்சிபியையும் பார்க்க வேண்டும். முகவரி சரியாக இருந்தால், பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தியான பிங்கை ரூட்டருக்குக் கொடுக்கலாம். அது பதில் தந்தால் வெளியே உள்ள ஒரு ஐபி முகவரிக்கு. அதுவும் சரி என்றால் பெயருக்கு. பெயரும் சரி என்றால், பாதுகாப்பான இணையதளங்களுக்குச் சர்வரில் உள்ள வாசலான 443ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம். சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரிசையைப் பின்பற்றுபவர்களைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

சான்றிதழைப் பொறுத்தவரை, வலையமைப்புக் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏவும் காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸும் தொடக்கநிலைக்கு உரியவை. நேர்காணலுக்கு அழைப்பு வர உதவும். தேர்வில் கேட்கப்பட்ட வினாக்களைத் திரட்டித் தரும் தொகுப்புகளைக் கொண்டு தேர்ச்சி பெறவைப்பதாகச் சொல்லும் நிலையங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது தேர்வு விதிகளுக்கு முரணானது, கையும் பழகாது. அந்தப் பயிற்சி நிலையத்துக்கு நேரில் சென்று, வேண்டுமென்றே பழுதாக்கிய வலையமைப்பை மாணவர்களே சரிசெய்யும் வகுப்புகள் உண்டா என்று மட்டும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாத அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள். வலையமைப்பைத் திரையிலேயே அமைத்துப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசரும், கணினி வழியே போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கும் கட்டணமின்றிக் கிடைப்பவை. முதலாவதில் இரண்டு ரூட்டர்களைக் கொண்ட ஒரு சிறு வலையமைப்பை மகள் அமைத்துப் பார்க்கட்டும். இரண்டாவதைத் தன் சொந்தக் கணினியில் ஓடவிட்டு, ஒரு பக்கம் திறக்கும்போது மேலே சொன்ன டிஎன்எஸ் கேள்வியையும் டிசிபியின் மூன்று செய்திகளையும் தேடிக் கண்டுபிடிக்கட்டும். பிறருடைய வலையமைப்பில் அனுமதியின்றி இதைச் செய்யக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். மாத முடிவில் கண்டதை அவர் தங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். தாங்கள் இடையில் கேட்கும் கேள்விகளுக்கு மீண்டும் திரையைத் திறந்து காட்டிப் பதில் சொல்லும் அளவுக்கு ஆர்வம் இருந்தால், அவருடைய மதிப்பெண் பட்டியலுடன் எனக்கு எழுதுங்கள், பட்டப்படிப்பில் எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.