1911: ஸ்பிரிங்கை மாற்றுங்கள், இரும்பில் கை வைக்காதீர்கள் – கேள்வி பதில்

அமெரிக்காவில் சட்டப்படி .45 ஏசிபி தோட்டா போடும் பழைய 1911 மாடல் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. எந்த வேலைக்கும் முன்னால், தோட்டா அடுக்கியுள்ள மேகசினைக் கழற்றுங்கள். அதன் பிறகு ஸ்லைடை (முன்பின் நகரும் மேல்பாகம்) இழுத்துப் பூட்டி, பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். வரிசை மாறினால், அறையில் இருந்த தோட்டா வெளியே விழும், மேகசினில் இருந்த அடுத்தது உள்ளே ஏறிவிடும். வேலை செய்யும் மேசையில் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு பதிலிலும் இதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

டாலஸ்: சார், ரெமிங்டன் ராண்ட் கம்பெனி செய்த 1911ஏ1 (1911-ன் பிந்தைய வடிவம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "ஆல் மேட்சிங்" என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து வாங்குவது?

எல்லாப் பாகத்திலும் ஒரே எண் என்ற அந்தப் பேச்சுக்கு 1911 துப்பாக்கியில் பெரிதாகப் பொருள் இல்லை. ஜெர்மனியின் லூகர் பி08-ல் சின்னச் சின்ன பாகங்களில்கூட சீரியல் எண்ணின் கடைசி இலக்கங்களைப் பொறித்திருப்பார்கள், அங்கே மேட்சிங் கேட்பது நியாயம். போர்க்கால 1911ஏ1-ல் பெரும்பாலும் ஃபிரேமில் (பிடியோடு சேர்ந்த கீழ் உடல்) மட்டும்தான் எண். ஆகவே பார்க்க வேண்டியது, ஃபிரேம் எண் ரெமிங்டன் ராண்டுக்கு ஒதுக்கிய வரிசையில் வருகிறதா, ஸ்லைடு அதே கம்பெனியுடையதா, பேரலில் 'எச்எஸ்' (ஹை ஸ்டாண்டர்ட்) அல்லது 'எஃப்' (ஃபிளானரி) போன்ற அந்தக் காலக் குறி இருக்கிறதா என்பதுதான்.

ராணுவக் கிடங்குகளில் நூற்றுக்கணக்கில் பிரித்துக் கழுவி, கைக்கு வந்த பாகத்தைப் போட்டுப் பூட்டியவை ஏராளம். அகஸ்டா, ராக் ஐலண்ட், ஸ்பிரிங்ஃபீல்டு கிடங்குகளின் முத்திரை ஃபிரேமில் இருந்தால் அந்த வகைதான். சுடுவதற்கு அது ஒரு குறையே அல்ல, விலையில் மட்டும் தெரிய வேண்டும். போர்க்காலத்து ரெமிங்டன் ராண்ட் சாம்பல் அல்லது பச்சை கலந்த மங்கலான பாஸ்பேட் பூச்சோடுதான் வெளிவந்தது. பளபளவென்று நீலக் கறுப்பாக இருந்தால் யாரோ பிற்பாடு பூசியது. ஓரங்கள் மழுங்கி, எழுத்துகள் தேய்ந்திருந்தால் பஃபிங் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள்.

பிறகு பூதக்கண்ணாடியை எடுங்கள். ஸ்லைடில் காலி கேஸ் (சுட்ட தோட்டாவின் கூடு) வெளியேறும் ஜன்னலின் மூலைகள், ஃபிரேமில் ஸ்லைடு ஸ்டாப் (ஸ்லைடைப் பின்னால் பூட்டும் நெம்பு) துளைக்கு மேலே உள்ள மெல்லிய பகுதி, இரண்டிலும் தலைமுடி போல விரிசல் இருக்கிறதா பாருங்கள். முதல் உலகப் போர் காலத்து ஸ்லைடுகள் பின்னாளில் வந்தவை போலக் கடினமாக்கப்படாதவை. அப்படி ஒன்று கிடைத்தால் அலமாரிக்கு வைத்துக்கொண்டு, சுடுவதற்கு வேறொன்று வாங்குங்கள்.

இன்னொன்று: நம் வீடுகளில் தையல் மெஷினால் தெரிந்த அதே சிங்கர் கம்பெனியும் 1911ஏ1 செய்தது, வெறும் 500 மட்டும். டைப்ரைட்டர் கம்பெனியான ரெமிங்டன் ராண்ட் செய்ததோ எட்டரை லட்சத்துக்கும் மேல். சிங்கர் என்று யாராவது சாதாரண விலைக்கு நீட்டினால் போலி என்று நினைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள்.

நியூ ஜெர்சி: அரசாங்கமே பழைய 1911-ஐ விற்கிறது என்கிறார்களே?

ராணுவத்தின் உபரி 1911-களை சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற, அரசுத் துறை அல்லாத அமைப்பு 2018 முதல் குலுக்கல் முறையில் விற்று வருகிறது. சர்வீஸ், ஃபீல்டு, ரேக் என்று தரம் பிரித்திருப்பார்கள். ரேக் என்றால் தேய்மானமும் துருக்குழியும் இருக்கும், ஆனால் இயங்கும். வீட்டுக்கு நேராக வராது. உங்கள் ஊரில் உரிமம் பெற்ற டீலரிடம் வந்து, படிவம் 4473 நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கைக்கு வரும். உங்கள் மாநிலத்துக்கென்று தனி பர்மிட், மேகசின் கட்டுப்பாடு உண்டு. அதை டீலரிடம் முதலில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஹூஸ்டன்: பழசு ஒன்று கைக்கு வந்துவிட்டது. சுடுவதற்கு முன் என்னென்ன சோதிக்க வேண்டும்?

காலித் துப்பாக்கியில் நான்கு சோதனை. ஹேமரை ஏற்றி, கட்டைவிரல் சேஃப்டியை மேலே தள்ளி, பிடியை இறுகப் பிடித்து ட்ரிகரை அழுத்துங்கள். ஹேமர் விழக் கூடாது. ட்ரிகரை விட்டுவிட்டு சேஃப்டியை இறக்குங்கள், அப்போதும் விழக் கூடாது. இப்போது காதருகே வைத்து ஹேமரை விரலால் மெல்லப் பின்னால் இழுங்கள். 'டிக்' என்று கேட்டால் சேஃப்டி சரியாகத் தடுக்கவில்லை. சியர் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் துண்டு) கொஞ்சம் நகர்ந்துபோய், நீங்கள் இழுத்ததும் இடத்துக்குத் திரும்புகிறது. அந்தச் சத்தத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.

இரண்டாவது, பின்பிடி சேஃப்டியில் கை படாமல் பிடித்து ட்ரிகரை அழுத்துங்கள். விழக் கூடாது. மூன்றாவது, ஸ்லைடைக் கால் இன்ச் பின்னால் தள்ளிப் பிடித்து அழுத்துங்கள். விழக் கூடாது. ட்ரிகரை விடாமலே ஸ்லைடை முன்னால் போக விடுங்கள், அப்போதும் விழக் கூடாது. விட்டு மறுபடி அழுத்தினால் விழ வேண்டும். நான்காவது, பேரலை மேலே பார்க்கப் பிடித்து, பிளஞ்சர் குழாயை நகத்தால் அசைத்துப் பாருங்கள். இடது பக்கப் பிடிக்கு மேலே, ஸ்லைடு ஸ்டாப்புக்கும் சேஃப்டிக்கும் நடுவே உள்ள சின்னக் குழாய் அது. ஆடினால் சேஃப்டி பாதியில் சிக்கிக்கொள்ளும்.

சார்லட்: ஸ்பிரிங் மாற்றியே ஆக வேண்டுமா அண்ணா? பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பார்வைக்கு எல்லா ஸ்பிரிங்கும் நன்றாகத்தான் இருக்கும். முன்னால் வைத்திருந்தவர் எத்தனை ஆயிரம் சுட்டார், என்ன போட்டார் என்று யாருக்கும் தெரியாது. 5 இன்ச் பேரலுக்கு 16 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னால் திருப்புவது), 23 பவுண்டு மெயின் ஸ்பிரிங் (ஹேமரை இயக்குவது), ஃபயரிங் பின்னுக்கு (தோட்டாவைக் குத்தும் ஊசி) புதிய ஸ்பிரிங். மூன்றையும் சேர்த்தாலும் செலவு ஒரு பெட்டி தோட்டா விலைதான். அதன் பிறகு ரீகாயில் ஸ்பிரிங்கை 2,000 முதல் 3,000 தோட்டாவுக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

தளர்ந்த ரீகாயில் ஸ்பிரிங்கில் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் ஃபிரேமில் மோதும், விரிசல் அங்கேதான் பிறக்கும். அதற்காக 20 பவுண்டு போட்டால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. ஸ்லைடு வேகமாக முன்னால் திரும்பிவிடும், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்க நேரம் கிடைக்காது. ஃபயரிங் பின் ஸ்பிரிங்குக்கு வேறு காரணம். பழைய 1911-லும் கோல்ட் கம்பெனியின் 1970-ல் வந்த சீரிஸ் 70-லும் ஃபயரிங் பின்னைத் தடுக்கும் பூட்டு கிடையாது. கோல்ட் அதை 1983-ல் சீரிஸ் 80-ல்தான் சேர்த்தது. நிறைந்த துப்பாக்கி முனை கீழாக விழுந்தால், பின் தன் எடையிலேயே முன்னால் பாயாமல் பிடித்து வைப்பது அந்தச் சின்ன ஸ்பிரிங் மட்டுமே.

கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரீகாயில் ஸ்பிரிங்கின் முன்முனையை மூடும் பிளக் விரலிலிருந்து வழுக்கினால் முகத்துக்கு நேராகத்தான் பாயும்.

அட்லாண்டா: ஒவ்வொரு மேகசினிலும் ஒரு தடவையாவது சிக்குகிறது. ஃபீட் ராம்ப்பை (தோட்டா ஏறும் சரிவு) டிரெமல் (சுழன்று அரைக்கும் கைக்கருவி) வைத்துத் தேய்த்தால் சரியாகும் என்கிறார் நண்பர்.

நண்பரையும் டிரெமலையும் தூர வையுங்கள். ஃபிரேமில் உள்ள சரிவு 31.5 டிகிரியில் வெட்டியது. அந்தச் சரிவுக்கும் பேரலின் கீழ்விளிம்புக்கும் நடுவே ஏறக்குறைய 1/32 இன்ச் இடைவெளி இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வழவழப்பாக இணைத்துத் தேய்த்தால், தோட்டா பேரலின் கீழ்விளிம்பில் இடித்து நிற்கும். உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

முதலில் மேகசின். ஒவ்வொன்றுக்கும் பெயிண்ட் மார்க்கரால் எண் போடுங்கள். சிக்கல் எப்போதும் 3-ம் எண்ணில்தான் என்றால் துப்பாக்கியில் ஒன்றுமில்லை. அடுத்து தோட்டா. 1911 பிறந்ததே 230 கிரெயின் உருண்டை முனைத் தோட்டாவுக்காக. பழைய பேரலில் வாயகன்ற ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள தோட்டா) இடிப்பது இயல்பு.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் எக்ஸ்ட்ராக்டர். கேஸின் விளிம்பைப் பிடித்து இழுக்கும் கொக்கி இது. 1911-ல் இதற்குத் தனி ஸ்பிரிங் இல்லை, கம்பியே வளைந்து ஸ்பிரிங்காக நிற்கிறது. ஸ்லைடைக் கழற்றி, பேரலை எடுத்துவிட்டு, டம்மி தோட்டா ஒன்றைக் கொக்கிக்கு அடியில் கீழிருந்து செருகுங்கள். ஸ்லைடை மெல்ல ஆட்டினால் விழாமல் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் வழுக்கி வர வேண்டும். ஆடாமலே விழுந்தால் இறுக்கம் போதாது, கேஸ் பாதியில் சிக்கும். விரலை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம், ஸ்லைடு கடைசி ஓரிரு மில்லிமீட்டர் மூடாமல் நிற்கும். சரிசெய்ய, எக்ஸ்ட்ராக்டரை உருவி, அதன் மூக்கை மட்டும் அதே துளையில் நுழைத்து, பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தி வளையுங்கள். மறுபடி மாட்டிச் சோதியுங்கள். முறை முறையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

இந்தக் கொக்கி பாழாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கெட்ட பழக்கம்: தோட்டாவைக் கையால் அறைக்குள் போட்டு, மேலே ஸ்லைடை அறைந்து மூடுவது. மேகசினிலிருந்து ஏறும் தோட்டாவின் விளிம்பு கீழிருந்து கொக்கிக்குள் வழுக்கிப் போகும்படிதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். முன்னாலிருந்து ஏறச் சொன்னால் கொக்கி விளிம்பில் இடித்து விரியும். அதேபோல் காலி அறையில் ஸ்லைடைப் பட்டென்று விடாதீர்கள். ஹேமரும் சியரும் தொடும் விளிம்பு தேயும். கையால் கூட்டிப் போய் மூடுங்கள்.

சியாட்டில்: ஸ்லைடு ஸ்டாப்பைத் திரும்ப மாட்டும்போது ஃபிரேமில் வில் போல ஒரு கீறல் விழுந்துவிட்டது. இனி வராமல் தடுப்பது எப்படி?

இதற்கு அமெரிக்காவில் "முட்டாள் கீறல்" என்றே பெயர், பாதித் துப்பாக்கிகளில் இருக்கும். ஸ்டாப்பை மேலே சுழற்றித் தள்ளுவதால் வருவது. ஃபிரேமில் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்டாப்பை ஏறக்குறைய அதன் இடத்துக்கு நேராகவே கொண்டு வந்து, பிளஞ்சர் முனையைப் பழைய கிரெடிட் கார்டு ஓரத்தால் உள்ளே அழுத்தி, நேராகக் குத்துங்கள்.

ஆஸ்டின்: பீவர்டெயில் (வால் நீண்ட பின்பிடி சேஃப்டி), புதிய சைட் (குறி பார்க்கும் முனை), எல்லாம் போட ஆசை. எதில் தொடங்கலாம்?

அது எந்தத் துப்பாக்கி என்பதைப் பொறுத்தது. போர்க்காலத்து அசல் என்றால், திரும்பக் கழற்ற முடிந்ததை மட்டும் போடுங்கள்: பிடிப் பலகை, ட்ரிகர், வளைந்த மெயின் ஸ்பிரிங் ஹவுசிங்குக்கு (பிடியின் பின்பக்கத் துண்டு) பதிலாகத் தட்டையானது. அசல் பாகங்களை எண்ணெய் தடவி ஒரு பையில் போட்டு, அதன் மேல் சீரியல் எண்ணை எழுதி வையுங்கள். விற்கும் நாளில் அந்தப் பைக்குத் தனி விலை உண்டு.

பீவர்டெயிலுக்கு ஃபிரேமின் பின்மூலையை வட்டமாகச் சீவ வேண்டும். 'டிராப்-இன்' என்று விற்பதுகூட அநேகமாக எங்காவது அரம் கேட்கும். பழைய முன் சைட் ஒரு சின்னத் துளையில் நுழைத்து அடித்து வைத்தது. உயரமானது போட ஸ்லைடில் டவ்டெயில் (அடி அகன்ற பள்ளம்) வெட்ட வேண்டும், வெட்டினால் வெட்டியதுதான். இதெல்லாம் ஆசை என்றால் ராக் ஐலண்ட் ஆர்மரி (மேலே சொன்ன ராணுவக் கிடங்கு அல்ல, தனிக் கம்பெனி) மாதிரி இன்றைய உற்பத்தி ஒன்றை வாங்கி, அதில் விளையாடுங்கள். ட்ரிகர் எடையைக் குறைக்க ஹேமர், சியர் விளிம்புகளைத் தேய்ப்பது மட்டும் வீட்டு வேலை அல்ல. தவறினால் ஒரு அழுத்தலுக்கு இரண்டு தோட்டா போகும்.

ரீகாயில் ஸ்பிரிங்குக்குள் நிற்கும் நீளமான கைடு ராட்? கழற்றுவது கஷ்டமாகும், வேறு பயன் இல்லை.

சிகாகோ: ஸ்லைடில் லேசாகச் செந்துரு. மணல் காகிதம் போடலாமா?

கூடவே கூடாது, பூச்சு போய்விடும். எண்ணெயில் நனைத்த 0000 எஃகுக் கம்பளியால் ஒரே திசையில் மென்மையாகத் தேயுங்கள். நீலக் கறுப்புப் பூச்சுக்கு அது போதும். நிக்கல் பூச்சுக்கு இது வேண்டாம். அம்மோனியா கலந்த செப்புக் கரைப்பானும் நிக்கலுக்கு எதிரி. நிக்கலுக்கு அடியில் செப்புப் பூச்சு இருந்தால் அதைத் தின்று, மேல்பூச்சு உரிந்து வரும். சுத்தம் செய்த பிறகு ரெனசான்ஸ் மெழுகு ஒரு மெல்லிய படலம் போதும்.

பீனிக்ஸ்: தாத்தா காலத்து ராணுவத் தோட்டா ஒரு பெட்டி இருக்கிறது. சுடலாமா?

இரண்டாம் உலகப் போர் காலத்து .45 தோட்டாக்களின் பிரைமரில் பெரும்பாலும் குளோரேட் உப்பு. சுட்ட பிறகு பேரலில் பொட்டாசியம் குளோரைடு படியும், காற்றின் ஈரத்தை இழுத்து இரவோடிரவாகத் துரு பிடிக்க வைக்கும். எண்ணெயில் அது கரையாது, நீரில்தான் கரையும். ஆகவே அன்றே பேரலுக்கும் ஸ்லைடு முகத்துக்கும் வெந்நீர், நன்றாகத் துடைத்துக் காய வைத்து, அப்புறம் எண்ணெய். மூடிய பெட்டி என்றால் சுடாமல் சேகரிப்பாளரிடம் விற்பதே லாபம்.

சான் ஹோசே: அசல் தோல் உறையிலேயே வைத்துப் பூட்டி வைக்கலாமா?

வேண்டாம். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்து பூச்சைத் தின்னும். உறை தனி, துப்பாக்கி தனி. பெட்டியில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். எண்ணெய் என்றால் குளிப்பாட்டுவது அல்ல. இரண்டு ரெயில், பேரலின் வெளிப்புறம், மேல் பூட்டுப் பற்கள், லிங்க், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. மேகசின் உள்ளேயும் ஃபயரிங் பின் துளையிலும் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

கோவை: இந்தியாவில் இப்படி ஒன்று வைத்துக்கொள்ள வழி உண்டா?

லைசென்ஸ் இல்லாமல் எதுவும் இல்லை. 9 மி.மீ. தடை செய்யப்பட்ட குழல் விட்ட (bore) வகை. உரிமம் கிடைப்பவர்கள் பெரும்பாலும் வாங்குவது .32. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் உச்சவரம்பு. வெளிநாட்டில் வாங்கி வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டென்வர்: பிடியின் ஸ்குருவைக் கழற்றினால், கூடவே ஒரு பித்தளை நிற வளையமும் சுழன்று வந்துவிட்டது.

அது புஷிங். ஃபிரேமில் தங்க வேண்டியது, ஸ்குரு அதிகமாக இறுகியதால் கூடவே வந்திருக்கிறது. ஸ்குருவைப் புஷிங்கிலிருந்து பிரித்து, இரண்டின் மரையையும் சுத்தம் செய்து, புஷிங்கின் வெளிமரையில் ஒரு துளி நீல லாக்டைட் (மரையைப் பிடிக்கும் பசை) தடவி ஃபிரேமில் ஏற்றுங்கள். அந்த மரை மிக நுண்ணியது. முதல் இரண்டு சுற்றை விரலாலேயே திருப்புங்கள், கோணினால் உடனே நிறுத்துங்கள். ஒரு நாள் காய விட்டு, ஸ்குருவுக்கு அடியில் சின்ன ரப்பர் ஓ-ரிங் போட்டு, கை இறுக்கத்தில் விடுங்கள்.