சின்ன ஊரில் எல்லாரும் சேர்ந்து விளையாட்டாகச் சிற்பம் செய்ய எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி கேட்டவரின் ஊரில் கலைக்கூடம் இல்லை, சிற்பி இல்லை, காசும் பெரிதாக இல்லை. ஆனாலும் சின்னவர் பெரியவர் எல்லாரும் சேர்ந்து, பார்க்கிறவர் சிரிக்கிற மாதிரி, பெரிதாக ஏதாவது செய்து பார்க்க அவருக்கு ஆசை. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஒரு நாளைக் குறியுங்கள். அடுத்தது, நீங்கள் செய்யப்போகும் பொருளுக்கு அந்த நாளில் ஒரு வேலை கொடுங்கள். அது பறக்க வேண்டும், மிதக்க வேண்டும், அல்லது தெருவில் உருண்டு போக வேண்டும். சும்மா நிற்கிற பொருளாக மட்டும் வேண்டாம். இது இரண்டும் சரியாக அமைந்தால் கலைஞர்கள் ஊருக்குள்ளிருந்தே வருவார்கள். இதை நான் இலங்கையின் வடக்கே, பட்டத்துக்குப் பேர்போன வல்வெட்டித்துறையைப் பார்த்துச் சொல்கிறேன்.

நான் வடமராட்சிக்காரன், வல்வெட்டித்துறையும் அந்த யாழ்ப்பாணப் பகுதியில்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து சில வருடங்களாகப் பட்டம் கட்டி வருகிறேன். பட்டம் என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் கைக்கு அடக்கமான ஒரு காகிதச் சதுரத்தை நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் விஷயம் வேறு. பருத்தித்துறைக்கு மேற்கே, கடலை ஒட்டிய சின்னப் பட்டினம் வல்வெட்டித்துறை. அங்கே தைப்பொங்கல் அன்று பின்னேரம் உதயசூரியன் கடற்கரைக்குப் போனால் கப்பல், விமானம், பறவை, மிருகம் என்று ஆளை விடப் பெரிய உருவங்கள் வானத்தில் நிற்கும். தட்டையான படங்கள் இல்லை. முன்னும் பின்னும் பக்கவாட்டும் உள்ள முழு உருவங்கள். சிலவற்றில் சக்கரம் சுழலும், சிலவற்றில் கை கால் அசையும். எட்டுப் பத்துப் பேர் தூக்கி வந்து ஓடிக் கிளப்ப வேண்டிய அளவும் உண்டு. என் கண்ணுக்கு இவை சிற்பங்கள்தான். மண்ணில் நிற்காமல் காற்றில் நிற்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஊருக்கு இது வானத்திலிருந்து விழவில்லை. வல்வெட்டித்துறை கப்பலோட்டிகளின் ஊர். அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. கயிறு, முடிச்சு, பாய், காற்று இதெல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. அந்தக் கைப்பழக்கம்தான் பட்டத்தில் விளையாட்டாக வெளியே வருகிறது. ஆகவே உங்கள் ஊர்க் கைகளுக்கு என்ன தெரியும் என்று முதலில் பாருங்கள். பாய் முடைகிறவர்களா, சாந்து பூசுகிறவர்களா, சைக்கிள் திருத்துகிறவர்களா, பந்தல் போடுகிறவர்களா? அவர்களுடைய வேலையைத்தான் வேடிக்கையாக மாற்ற வேண்டும். வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்து புதிதாக ஒன்றைக் கற்பித்தால், அவர் பஸ் ஏறியதும் வேலை நின்றுவிடும்.

எங்கள் நிலையத்துப் பிள்ளைகள் கட்டிய திருக்கைப் பட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்ன உருவம் செய்யலாம் என்று கேட்டபோது ஆளுக்கொன்று சொன்னார்கள்: யானை, ரொக்கட், ஐஸ்கிரீம் வான். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நிமிர்த்தி, "திருக்கையைக் கட்டுங்கோ, அது கடலுக்கையே பறக்கிற சாமான்தானே" என்றார். சரியான யோசனை. திருக்கையின் உடம்பு தட்டையானது, அகலமானது. காற்றைத் தாங்கும் பரப்பை வேறாகச் செய்து உள்ளே ஒளிக்கத் தேவையில்லை, உடம்பே அந்த வேலையைப் பார்க்கும். பட்டத்துக்கு எப்படியும் வால் வேண்டும். திருக்கைக்கு வால் ஏற்கெனவே இருக்கிறது.

பிள்ளைகள் நிலத்தில் சுண்ணக்கட்டியால் கீறினார்கள். பெரியவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "தம்பி, செட்டை கழுத்தடியில தொடங்காது. திருக்கைக்குக் கழுத்தே இல்லை. தலையோட சேர்ந்து தொடங்கும்" என்று காலால் அழித்துத் திருத்தினார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்தடுத்த நாட்களும் வந்தார். அவரோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். திருக்கையின் கண் மேலே, வாய் கீழே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு வயிற்றுப்பக்கம்தான் தெரியும் என்பதால், அதில் வாயும் அதற்கு மேலே இரண்டு மூக்குத் துவாரமும் வரைந்தோம். அந்த முகம் சிரிக்கிற மாதிரியே இருக்கும். சனம் அதைத்தான் ரசித்தது.

சட்டத்துக்கு மூங்கில். முற்றியதாக இருக்க வேண்டும், ஆனால் காய்ந்து முறிகிறதாக இருக்கக் கூடாது. பிளந்து, உள்பக்கச் சோற்றியை, அதாவது மென்மையான பகுதியைச் சீவி, இரண்டு செட்டைக்குமான தடிகளை ஒரே கனத்துக்குக் கொண்டு வர வேண்டும். எத்தனை தரம் அளவுநாடாவால் அளந்தாலும் இது சரிவராது. நடுவில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட வேண்டும். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைக் கத்தியால் இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும். எங்களிடம் இந்த வேலையை மிகவும் பொறுமையாகச் செய்தது ஒரு பதினொரு வயதுப் பிள்ளை. பள்ளியில் சித்திரப் பாடத்துக்குப் பயப்படுகிறவள். இங்கே கத்தியும் நூலும் கையில் இருந்தபோது அவள் சொன்னதைத்தான் எல்லாரும் கேட்டோம்.

மூலைகளை நூலால் வரிந்து கட்டி, சின்னப் பட்டமென்றால் ரிசுப் பேப்பர் என்கிற மெல்லிய காகிதத்தைக் கோதுமை மாப் பசையால் ஒட்டுவோம். திருக்கை பெரிது என்பதால் மெல்லிய பொலித்தீனைப் பாவித்தோம். ஓரங்களை மடித்துத் தைக்கத் தையல் தெரிந்த அக்காமார் இரண்டு பேர் வந்தார்கள். இப்படியே ஒரு வளவுக்குள் கடற்தொழிலாளி, தையற்காரர், பள்ளிப் பிள்ளை, லீவில் வந்த பல்கலைக்கழகப் பெடியன் எல்லாரும் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிலை வந்தது. இதற்காக நாங்கள் கூட்டம் போடவோ நோட்டீஸ் ஒட்டவோ இல்லை. பொருள் பெரிது, பிடிக்கக் கைகள் போதாது. அதனால் வந்தார்கள்.

அப்புறம் முச்சை. பட்டத்தின் முன்பக்கம் கட்டுகிற அந்த நூல்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மேல் நூலைக் கொஞ்சம் குறைத்தால் பட்டம் காற்றுக்கு முகம் குனிந்து படுத்துப் பறக்கும். பலமான காற்றுக்கு அது நல்லது. கூட்டினால் நிமிர்ந்து நின்று காற்றை வாங்கும், இழுவை கூடும். அளவு மிஞ்சினால் ஏறவே மாட்டேன் என்று நிற்கும். ஒரு விரல் அகலம் மாறினாலே பட்டத்தின் குணம் மாறிவிடும். பக்கத்துக்குப் பக்கம் ஆடினால் வாலை நீட்ட வேண்டும். எங்கள் திருக்கையின் வால் நிஜத் திருக்கையின் அளவுக்கு இருந்தபோது சுழன்றடித்தது. பழைய சேலைத் துண்டு இரண்டைச் சேர்த்த பிறகு அமைதியாக நின்றது.

இந்த இடத்தில்தான் என் முக்கியமான கருத்து இருக்கிறது. ஊர்க் கலையைக் கெடுக்கிறது திறமைக் குறைவு இல்லை. எது நல்லது என்று யார் தீர்ப்புச் சொல்வது என்ற இழுபறிதான் கெடுக்கிறது. சந்தியில் ஒரு நிரந்தரச் சிலை வைக்கப் போனால் இடம் யாருடையது, திறந்து வைப்பது யார், கல்லில் யார் பெயர் என்று தொடங்கிவிடும். பட்டத்துக்கு நடுவர் காற்று. போட்டியில் மனித நடுவர்கள் இருந்தாலும் அவர்கள் அதற்குப் பிறகுதான். பணக்காரர் வீட்டுப் பட்டமும் பறக்க வேண்டும், கூலித் தொழிலாளியின் மகன் கட்டியதும் பறக்க வேண்டும். பறக்காவிட்டால் காரணம் முச்சையிலோ வாலிலோ இருக்கிறது, போய்ச் சரிசெய்து கொண்டு வரலாம். யாருடைய மனமும் நோகாது. பொங்கல் முடிந்ததும் பொலித்தீன் கிழியும், மூங்கிலை அவிழ்த்து அடுத்த வருடத்துக்கு வைப்போம். இடம் பிடித்துக்கொண்டு நிற்காத கலைக்கு ஊர் தாராளமாக இடம் கொடுக்கும்.

சத்தத்தையும் மறக்காதீர்கள். எங்கள் பட்டங்களில் விண் கட்டுவோம். வளைத்த வில்லில் மெல்லிய நாரை விறைப்பாக இழுத்துக் கட்டிப் பட்டத்தின் தலையில் பொருத்தினால், காற்றில் அந்த நார் அதிர்ந்து கூவும். முன்பு பனை நார், இப்போது பார்சல் கட்டுகிற நாடாவிலும் செய்கிறார்கள். இரவில் பட்டத்தை இறக்காமல் மரத்தில் கட்டி விடுவதுண்டு, அதை இராக்கொடி என்போம். படுத்திருக்கிறபோதே இது யார் வீட்டு விண் என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். கண்பார்வை மங்கிய முதியவர்களும் பங்கெடுக்கக்கூடிய சிற்பம் இது. அதனால்தான் விண் இல்லாத பட்டம் எனக்குப் பாதிப் பட்டம்.

கடலோ காற்றோ இல்லாத ஊர் என்றால் என்ன செய்வது? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வடக்கே பெர்ண்டேல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1969இல் ஹோபார்ட் பிரவுன் என்ற சிற்பி தன் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளை ஐந்து சக்கர உருவமாக மாற்ற, பக்கத்தில் இருந்த இன்னொரு கலைஞர் நானும் ஒன்று செய்கிறேன், தெருவில் ஓட்டிப் பார்ப்போம் என்று சவால் விட்டார். அந்த முதல் ஓட்டத்தில் வென்றது புகை விட்டு, முட்டையும் இட்டபடி வந்த ஓர் ஆமை. இன்றைக்கு அந்தப் போட்டி ஆர்க்காட்டா என்ற ஊரிலிருந்து பெர்ண்டேல் வரை ஏறக்குறைய 80 கிலோமீற்றர், மூன்று நாள் ஓட்டம். மனிதக் கால்வலுவால் மட்டும் ஓடுகிற சிற்பங்கள் தார்வீதி, மணல், சேறு, தண்ணீர் எல்லாவற்றையும் கடக்க வேண்டும். அங்கே காற்றுக்குப் பதில் பாதை நடுவர்.

அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது பரிசுகள். முதலில் உடைந்து நிற்கும் வண்டிக்குத் தங்க டைனோசர் பரிசு. வரிசையில் சரியாக நடுவில் வந்து சேர்கிறவருக்கும் ஒரு பரிசு. இதைப் பார்த்த பிறகு நாங்களும் எங்கள் நிலையத்தில் முதலாவதாக விழுகிற பட்டத்துக்கு ஒரு பரிசு வைத்தோம். அதன் பலன் உடனே தெரிந்தது. அதுவரை "எங்கட விழுந்திடும்" என்று ஒதுங்கி நின்ற சின்னப் பிள்ளைகள் பட்டத்தோடு வந்தார்கள்.

செலவைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். மூங்கிலும் நூலும்தான் காசு. மிச்சம் எல்லாம் வீட்டில் கிடக்கிற பழைய துணி, பொலித்தீன், தங்கூசி என்கிற நைலோன் நூல். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் கேட்டால் தருவார்கள், ஆனால் முதல் வருடம் கேட்காதீர்கள். காசு முதலில் வந்தால் கணக்கு முதலில் வரும், கணக்கோடு சண்டையும் வரும். ஆள் சேர்ந்த பிறகு காசு சேரட்டும்.

பாதுகாப்பில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய பட்டத்தை ஏற்றும்போது, மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, கடைசியாகப் பிடித்திருந்த இளைஞரை அது அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போனது. உயிர் தப்பியது பெரும் பாக்கியம். அந்த வீடியோவைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய பட்டத்தின் கயிற்றின் அடியை ஒரு மரத்திலோ கட்டையிலோ முதலே கட்டிவிட வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. விடுகிறபோது எல்லாரும் ஒன்றாக விட ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். மின்கம்பிக்கும் வாகனம் ஓடுகிற வீதிக்கும் பக்கத்தில் ஏற்றாதீர்கள். விமானம் இறங்குகிற பக்கமென்றால் அந்தத் திசையையே விட்டுவிடுங்கள். சிக்கின பட்டத்தை எடுக்கப் பிள்ளைகள் மரத்திலோ கூரையிலோ ஏறாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை அதற்கென்றே நிறுத்துங்கள்.

இன்னும் ஒன்று, பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்திலும் பட்டம் ஏற்றுவது பெடியன்களின் வேலை என்ற எண்ணம் நீண்ட காலம் இருந்தது, இப்போதும் முழுதாகப் போகவில்லை. கட்டுகிற இடம் ஆம்பிளைகள் கூடும் சந்தியாக இல்லாமல் ஒரு வீட்டு வளவாகவோ வாசிகசாலை முற்றமாகவோ இருந்தால் அம்மாமார் தயங்காமல் அனுப்புவார்கள். ஏற்றுகிற நாளில் நூல் பிடிக்கவும் அவர்களை விடுங்கள். கட்டித் தந்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னால் அடுத்த வருடம் வரமாட்டார்கள், வராதது நியாயமும்தான்.

உங்கள் ஊரில் தையில் காற்று இருக்கிறதென்றால் இந்த வருடமே பட்டத்தில் தொடங்கலாம். குளம் இருந்தால் மிதக்கிற உருவம், நல்ல நீளமான தெரு இருந்தால் தள்ளுகிற உருவம். எதுவானாலும் நாளைக் குறித்து, ஊர்க் கோயில் மணியகாரரிடமும் பள்ளி அதிபரிடமும் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பட்டமென்றால் மூங்கிலைக் கார்த்திகையிலேயே வாங்கிவிடுங்கள். மார்கழி பிறந்தால் எங்கள் பக்கத்தில் நல்ல தடியெல்லாம் முடிந்துவிடும், மிச்சம் கிடக்கிறது வளைந்ததும் வெடித்ததும்தான்.