தண்ணீரை மாற்றுங்கள், ஸ்பாஞ்சைக் கழுவாதீர்கள்

கேள்வி: பாம்பனில் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று பத்து நாளைக்கு முன் 60 லிட்டர் தொட்டி வாங்கி, அன்றைக்கே ஐந்து கோல்டு ஃபிஷ் விட்டோம். போர் தண்ணீர்தான், லேசாக உப்புக் கரிக்கும், பி.எச். 8.2. நான்காம் நாள் தண்ணீர் கலங்கி இரண்டு மீன் செத்துவிட்டது. தொட்டியைக் காலி செய்து, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் பிழிந்து கழுவி, மறுபடி நிரப்பினோம். மீதி மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. காப்பாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் தீனியை நிறுத்துங்கள், ஏர் பம்ப் நிற்காமல் ஓடட்டும். தொட்டித் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு, அதே போர் தண்ணீரை ஊற்றுங்கள். போரிலிருந்து நேரே வரும் தண்ணீரில் பிராணவாயு குறைவு. அதனால் டீ ஆற்றுவதுபோல இரண்டு வாளிகளுக்கு இடையே நாலைந்து தடவை ஆற்றிவிட்டு ஊற்றுங்கள். சூடும் தொட்டித் தண்ணீரை ஒத்திருக்க வேண்டும். இதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் மீன்களைக் கொல்வது அவற்றின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அமோனியா. பழகிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இரண்டும் போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஸ்பாஞ்சின் துளைகளிலும் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. நீங்கள் குழாயடியில் பிழிந்து விட்டது அழுக்கை மட்டுமல்ல, அதுவரை விளைந்த அந்த நுண்ணுயிர்களையும்தான்.

நானும் இதைச் செய்தவன். முதல் தொட்டியில் பழுப்பேறிய ஸ்பாஞ்சைப் பார்த்துப் பொறுக்காமல், பிரஷ் போட்டுத் தேய்த்து வெள்ளையாக்கி வைத்தேன். அடுத்த இரண்டு நாளில் மீன்களின் செவுள் ஓரம் சிவந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பழுப்பை அழுக்கென்று நினைத்ததுதான் தவறு. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக இரண்டு அமுக்கு அமுக்கினால் போதும்.

நம் கடலோரத்துக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. அமோனியாவின் நச்சு வடிவம் எவ்வளவு என்பதை பி.எச்.சும் சூடும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. உங்கள் 8.2-ல் அது ஏறக்குறைய பதினொரு பங்கு. பொதுவான குறிப்புகளில் தாங்கும் என்று சொல்லும் அளவு உங்கள் தொட்டியில் தாங்காது. ஆகவே சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். பெரும்பாலான கிட்டில் அமோனியா இல்லாவிட்டால் குழாய் மஞ்சளாகவும், ஏற ஏறப் பச்சையாகவும் தெரியும். 0.25 காட்டினாலே அன்று மூன்றில் ஒரு பங்கு, அதாவது 20 லிட்டர், மாற்றிவிடுங்கள். 1 காட்டினால் காலையில் பாதி, மாலையில் பாதி. அப்போதுதான் அது 0.25-க்கு இறங்கும்.

பி.எச்.சைக் குறைக்கிறேன் என்று மருந்து ஊற்றாதீர்கள், ஒரேயடியாக ஆர்.ஓ. தண்ணீருக்கும் மாற்றாதீர்கள். திடீர் மாற்றத்தை மீன் தாங்காது. இந்தக் கடினத் தண்ணீரில் நன்மையும் உண்டு. அந்த நுண்ணுயிர்களுக்குக் காரத்தன்மை தேவை, நம் ஊர் வெக்கையும் அவற்றுக்குப் பிடிக்கும். காவிரிக் குடிநீரை ஊற்றுவதாக இருந்தால் மட்டும் ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். குளோரின் அந்த நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும்.

அழகுக்கென்று கரையில் பொறுக்கிய கிளிஞ்சலோ பவளத் துண்டோ தொட்டியில் கிடந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டும் சுண்ணாம்பு, பி.எச்.சை இறங்கவிடாது. பவளத்தை எடுப்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இரண்டு மூன்று வாரத்தில் அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அப்போது செவுள் பழுப்பாகும், மீன் மறுபடி மூச்சுக்குத் தவிக்கும். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியாக உள்ளே போகவிடாமல் தடுக்கும். உங்கள் போர் தண்ணீரில் அது ஏற்கெனவே இருப்பதால் எதுவும் போட வேண்டாம். காவிரித் தண்ணீர் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பைக் கரைத்து ஊற்றலாம். வாலிநோக்கத்து உப்பே போதும், கடையில் தனி உப்பு வாங்க வேண்டாம்.

தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவருடைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். அதை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் செருகினால் காத்திருக்கும் நாளில் பாதி மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழைக்குக் கரண்ட் போனால் நுண்ணுயிர்களுக்கும் மூச்சு முட்டும், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

தீனி இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு நிமிஷத்தில் தின்று முடிக்கிற ஒரு சிட்டிகை. மகள் பாவம் பார்த்துக் கூடுதலாகப் போடக்கூடும். அவளுக்கு வேறு வேலை கொடுங்கள்: தினமும் சாயங்காலம் தேதி, அமோனியா, நைட்ரைட் மூன்றையும் நோட்டில் எழுதட்டும். இரண்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யம் காட்டும்வரை புது மீன் வேண்டாம். அதற்குப் பிறகும் இந்த மூன்றே இந்தத் தொட்டிக்கு அதிகம். கோல்டு ஃபிஷ் சாண் அளவுக்கு வளரும், வளர வளரப் பெரிய தொட்டி பார்க்க வேண்டியிருக்கும்.