‘சமா-சமா’ என்றால் யார் எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: தம்பி பினாங்கில் உணவக வேலைக்குச் செல்லவிருக்கிறான். மலாய் ஒப்பந்தத்தில், தங்குமிடச் செலவு ‘சமா-சமா’ ஏற்கப்படும் என்று ஒரு வரி உள்ளது. “சேம் சேம்தான், எல்லோருக்கும் உள்ளதே” என்கிறார் ஏஜெண்ட். பிலிப்பைன்ஸ் நண்பரோ ‘ஒன்றாக’ என்கிறார். கையெழுத்திடலாமா?

பதில்: அந்த வரியில் மலேசிய ரிங்கிட்டில் தொகை எழுதப்படும்வரை கையெழுத்திட வேண்டாம்.

மலாயின் ‘சமா’ நம் ‘சமம்’ வந்த அதே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கில ‘சேம்’ அதற்குத் தூரத்து உறவு. இந்த ஒலி நெருக்கமே ஏஜெண்டுகளுக்கு வசதியாகிவிடுகிறது. தென்கிழக்காசியக் கடைத்தெரு ஆங்கிலத்தில் ‘சேம் சேம்’ என்றால் ‘அதே மாதிரி’. ஆனால் உங்கள் வரியில் ‘சமா-சமா’ என்பதற்கு ‘இருதரப்பும் சேர்ந்து’ என்பதே பொருள். சரிபாதி என்றால் ‘சமா ராத்தா’ என்று எழுதியிருக்கலாம். அது இல்லாதபோது, சம்பளத்தில் எவ்வளவு பிடித்தாலும் “சேர்ந்து ஏற்பதாகத்தானே ஒப்புக்கொண்டாய்” என்று சொல்ல இடம் இருக்கிறது.

நண்பர் சொன்னது இங்கே பொருந்திவிட்டது. ஆனாலும் அவரை மலாய்க்கு அகராதியாகக் கொள்ளாதீர்கள். பிலிப்பைன்ஸில் பேசப்படும் தகலாகில் ‘சமா-சமா’ ஆட்கள் கூடியிருப்பதைக் குறிக்கும்; ‘அதே’ என்பதற்கு அங்கே ஸ்பானிய வழி வந்த ‘பரேஹோ’ உண்டு. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் நன்றி சொன்னவருக்கு ‘சமா-சமா’ என்று மறுமொழி கூறுவார்கள். மணிலாவில் அந்த இடத்தில் ‘வலாங் அனுமான்’ என்பார்கள். ‘மசமா’ என்று தகலாகில் கேட்டால் அது ‘கெட்டது’. இந்தச் சொல்லோடு அதற்கு உறவில்லை.

மலாய் தெரியாதவரிடம் மலாய்த் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவதும், அதன் பொருளை இடைத்தரகர் வாயால் கேட்டு நம்ப வேண்டியிருப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பக்கத் தமிழாக்கம் தருவது எவருக்கும் பெரிய செலவன்று. “சின்ன வரிதானே” என்று அவசரப்படுத்துபவரிடம்தான் கூடுதல் கவனம் தேவை. இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். அவருடைய பதிவை இந்திய அரசின் ‘இமைக்ரேட்’ இணையத்தளத்தில் சரிபாருங்கள். பிறகு, தங்குமிடத்துக்காக மாதம் எத்தனை ரிங்கிட் பிடிக்கப்படும் என்பதை முதலாளி தரப்பிடமே எழுத்தில் கேட்டு, அந்தத் தொகையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.