டிவிடி டிரைவ் திறக்கல, வாரன்டியும் இல்லன்னுட்டாங்க, கேஸ் போடலாமா?

கேள்வி (சுருக்கிப் போட்டிருக்கேன்): டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கி 8 மாசம் ஆகுது, டிவிடி டிரைவோட ட்ரே திடீர்னு வெளிய வரமாட்டேங்குது. உள்ள எங்கப்பா பேசின வீடியோ இருக்கிற டிஸ்க் மாட்டிக்கிச்சு, வேற காப்பி இல்ல, அப்பாவும் இப்ப இல்ல. பின் விட்டுப் பாத்தேன், லேசா நெம்பியும் பாத்தேன், வரல. சர்வீஸ் சென்டர்ல கொடுத்தா கவுன்டர்ல இருந்தவர் எல்லார் முன்னாடியும் மரியாதை இல்லாம பேசிட்டு, ஜாப் ஷீட்ல 'கஸ்டமரால் ஏற்பட்ட சேதம், வாரன்டி இல்லை'ன்னு எழுதிட்டார். இப்ப லேபர் சார்ஜ் மட்டும் கொடுங்க, டிரைவ மாத்தித் தரோம்னு சொல்றாங்க. மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டு கேஸ் போடணும்.

பதில்:

அப்பா விஷயம் படிச்சதும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா நீங்க எழுதின மூணு பக்கத்துல ரெண்டு பக்கம் அந்த கவுன்டர் ஆளப் பத்தி, அது உங்க கேஸ ஒரு அடி கூட நகர்த்தாது, அத அப்படியே ஓரமா வச்சிடுங்க. எனக்கு வேண்டியது நீங்க போறபோக்குல எழுதின ஒரே வரி, "லேசா நெம்பியும் பாத்தேன்". மொத்த வழக்கும் அதுலதான் இருக்கு.

பின் விடுறதும் நெம்புறதும் உங்களுக்கு ஒண்ணாத் தெரியலாம், சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. டிரைவ் முகப்புல குண்டூசித் தலை அளவு ஒரு ஓட்டை இருக்கே, அத கம்பெனிக்காரனே இதுக்குன்னுதான் வச்சிருக்கான். பவர சுத்தமா ஆஃப் பண்ணிட்டு, பேப்பர் க்ளிப்ப நேராக்கி உள்ள விட்டா கொஞ்ச தூரத்துல ஒரு தடை தட்டும், அத நேரா அமுக்கினா ட்ரே கொஞ்சம் வெளிய வரும், மீதிய கையால இழுத்துக்கலாம். நிறைய டிரைவோட மேனுவல்லயே இது இருக்கு. அதனால பின் விட்டது பொருளை உபயோகிச்ச கணக்குதான், அதுக்காக எவனும் வாரன்டிய மறுக்க முடியாது. ஸ்க்ரூடிரைவரோ கத்தியோ ட்ரே இடுக்குல விட்டு நெம்புறது அப்படி இல்ல, பிளாஸ்டிக் வெளுத்துப்போய் ஒரு கோடு விழும், சில சமயம் உள்ள பல்சக்கரத்துல ஒரு பல்லும் போயிடும், டெக்னீஷியன் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சாலே போதும், கண்டுபிடிச்சிடுவார்.

ஆனா உங்க பக்கமும் ஒரு நல்ல பாயின்ட் இருக்கு, அத நீங்களே கவனிக்கல. நெம்பினதால டிரைவ் கெட்டுச்சா, இல்ல டிரைவ் கெட்டதால நெம்புனீங்களா? ட்ரே திறக்காததுக்கு நெம்பல் இல்லாமலே நிறைய காரணம் உண்டு. ஏதோ ஒரு சாஃப்ட்வேர் டிஸ்க்க விடாம பிடிச்சு வச்சிருக்கும், அப்படி இருந்தா கம்ப்யூட்டர் ஆன் ஆன உடனே, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி பட்டன அமுக்கினா பெரும்பாலும் திறந்துடும். ட்ரேய இழுக்கிற ரப்பர் பெல்ட் தளந்து வழுக்கும், மோட்டார் ஓடுற சத்தம் வரும், ட்ரே நகராது, அந்த மாதிரி இருந்தா பின் விட்டா வந்துடும். உங்களுக்கு பின் விட்டும் வரலங்கிறீங்க, அப்ப டிஸ்க் சரியா உக்காராம இடிக்கிறதாவோ உள்ள ஏதோ சிக்கினதாவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நெம்புறதுக்கு முன்னாடியே இந்த நிலைமைதான்னு காட்ட முடிஞ்சா அந்தக் கீறல் வெறும் கீறலாப் போயிடும்.

காட்ட முடியுமாங்கிறதுதான் கேள்வி. நெம்புறதுக்கு முன்னாடி கஸ்டமர் கேருக்கு போன் பண்ணீங்களா, புகார் நம்பர் தேதி நேரத்தோட எஸ்எம்எஸ்ல வந்துச்சா, வீட்ல யாருக்காவது 'டிரைவ் திறக்கல'ன்னு வாட்ஸ்அப் போட்டீங்களா, தேடிப் பாருங்க. அப்படி ஒரு மெசேஜ் கிடைச்சா, உங்க மூணு பக்கத்த விட அதுக்குத்தான் மதிப்பு.

எந்த நாட்ல இருக்கீங்கன்னு எழுதல. பிரிட்டன்ல 2015ம் வருஷ நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 6 மாசத்துல வர்ற குறை வாங்கும்போதே இருந்ததாத்தான் எடுத்துப்பாங்க, உங்களுக்கு 8 மாசம் ஆயிடுச்சு, அது கைகொடுக்காது. ஐரோப்பிய யூனியன்ல 2019 உத்தரவுப்படி அந்த அனுமானம் குறைஞ்சது 1 வருஷம், அங்கன்னா பொழைச்சீங்க. அமெரிக்காவுல 1975ல வந்த மேக்னசன் மாஸ்ங்கிற வாரன்டி சட்டம் இருக்கு, அதை வச்சுத்தான் 2018ல எஃப்டிசிங்கிற அரசு வர்த்தக ஆணையம், மெஷின் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் கிழிஞ்சாலே வாரன்டி போச்சுன்னு சொன்ன கம்பெனிகளுக்கு எச்சரிக்கை கடிதம் அனுப்புச்சு, ஆனா நீங்களே உடைச்சதுக்கும் அவன் பொறுப்புன்னு அந்தச் சட்டம் சொல்லல. இந்தியான்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரச்சினை வந்ததுலேர்ந்து 2 வருஷத்துக்குள்ள புகார் போடலாம், டைம் இருக்கு. ஆனா பொருள்ல குறை இருக்கா இல்லையான்னு சோதிச்சாத்தான் தெரியும்னா நுகர்வோர் ஆணையம் பொருளை சீல் வச்சு லேபுக்கு அனுப்பும், அந்த ஃபீஸ உங்களையே முதல்ல கட்டச் சொல்லலாம். லேப் ரிப்போர்ட்ல 'வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்த தடயம்'னு ஒரு வரி வந்துட்டா என்ன பண்ணுவீங்க?

நான் திரும்பத் திரும்ப பாத்த விஷயத்துக்கு வர்றேன். ஒருத்தர் என் ஆஃபீசுக்கு ஒரு பாலிதீன் கவர்ல டிரைவையும் நாலு ஸ்க்ரூவையும் தனித்தனியா போட்டு எடுத்துட்டு வந்தார், பெல்ட் அறுந்து கிடந்துச்சு, பாருங்க சார் கம்பெனி தப்புன்னு காட்டினார். அந்த பெல்ட் தானா அறுந்துச்சா இவர் கழட்டும்போது அறுந்துச்சான்னு கேட்டா அவர்கிட்ட பதில் இல்ல. நியாயம் அவர் பக்கமே இருந்திருக்கலாம், ஆனா சாட்சிய அவரே பிரிச்சுப் போட்டுட்டார். நீங்க அந்த டிரைவ இனிமே தொடாதீங்க, தெரிஞ்ச பையன் நல்லா பண்ணுவான்னு அவன்கிட்டயும் கொடுக்காதீங்க.

ரெண்டாவது, நோட்டீஸ்ல 'நான் தொடவே இல்லை'ன்னு எழுதணும்னு தோணும். வேணவே வேணாம். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பின மெயில்ல நெம்பினத நீங்களே எழுதியிருக்கீங்க, எனக்கு அனுப்பின காப்பில தெளிவா இருக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மெயில எடுத்து நீட்டினா அன்னைக்கே உங்க வார்த்தைக்கு மதிப்பு போயிடும், அப்புறம் நீங்க சொல்ற உண்மையையும் எவனும் நம்பமாட்டான். நெம்பினத ஒத்துக்கிட்டு, அதுக்கு முன்னாடியே டிரைவ் வேலை செய்யலன்னு சொல்றதுதான் உங்களுக்கு இருக்கிற ஒரே வழி.

மூணாவது, பெரும்பாலான ஜனங்க கோட்டை விடுறது இதுலதான். அந்த ஜாப் ஷீட்ல சேதம்னு பொதுவா எழுதியிருக்கான், டிரைவ்னு தனியா குறிப்பிடல. நீங்க கோவத்துல லேபர் காசக் கொடுத்துட்டு வந்துட்டா அந்த வரி அவங்க சிஸ்டத்துல அப்படியே கிடக்கும். நாளைக்கு மதர்போர்டு போச்சுன்னு போனீங்கன்னா, ஏற்கனவே கஸ்டமர் சேதப்படுத்தின மெஷின், வாரன்டி ரத்துன்னு இதே ஷீட்ட எடுத்துக் காட்டுவான். டிரைவ் இந்த மெஷின்லயே சின்ன பாகம், அதுக்காக சண்டை போட்டு மொத்த மெஷினோட வாரன்டியையும் தொலைச்சுட்டு நின்னவங்கள நான் பாத்திருக்கேன்.

அதனால என் ஆலோசனை, செட்டில் பண்ணிக்கோங்க. நஷ்டஈடு, மன உளைச்சல் எல்லாம் கேட்கலாம், கேட்கிறத யாரும் தடுக்கல, ஆனா நெம்பின தடம் இருக்கிற கேஸ்ல ஒரு டிவிடி டிரைவுக்காக வாய்தா வாய்தாவா அலைஞ்சு கிடைக்கப்போறது உங்க போக்குவரத்து செலவுக்கே காணாது. அப்பா வீடியோவுக்கு விலை போட எந்தக் கோர்ட்டாலயும் முடியாது, சும்மா கேட்டா ஒரு காலி டிஸ்க்கோட விலைதான் பேசுவாங்க, போதாக்குறைக்கு 'டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லை'ன்னு ஜாப் ஷீட் பின்பக்கம் பொடி எழுத்துல அச்சடிச்சிருப்பான், நீங்க கையெழுத்தும் போட்டிருப்பீங்க. உங்களுக்கு நிஜமா வேண்டியது அந்த டிஸ்க் முழுசா கைக்கு வர்றது. கேஸ் போட்டா மெஷின் பூட்டிக் கிடக்கும், டிஸ்க்கும் உள்ளயே கிடக்கும்.

லேபர் சார்ஜ ஒத்துக்கோங்க, ஆனா மெயில்ல மூணு விஷயத்த எழுத்துல வாங்கிடுங்க. டிரைவ உங்க கண்ணு முன்னாடி திறந்து டிஸ்க்க உங்க கையில கொடுக்கணும், பழைய டிரைவ் போனாலும் பரவால்ல, மூடியக் கழட்டித்தான் எடுக்கணும், இழுத்துப் பறிக்கக் கூடாது. புது டிரைவுக்கு தனியா வாரன்டி வேணும். சேதம்ங்கிற குறிப்பு டிரைவுக்கு மட்டும்தான், மத்த பாகங்களோட வாரன்டி அப்படியே தொடரும்னு ஜாப் ஷீட்லயே எழுதணும்.

டிஸ்க் கைக்கு வந்ததும் நடு ஓட்டைய சுத்தி விரல் வச்சுப் பாருங்க, விரிசல் அங்கதான் முதல்ல விழும். மயிரிழை விரிசல் தெரிஞ்சாலும் வேற எந்த டிரைவ்லயும் போட்டுப் பாக்காதீங்க, வேகமான டிரைவ்ல டிஸ்க் நிமிஷத்துக்கு சுமார் 10,000 சுத்து சுத்தும், விரிசல் இருந்தா உள்ளயே சிதறிடும், நேரா டேட்டா ரிகவரி ஆள்கிட்ட போங்க. விரிசல் இல்லன்னா அன்னைக்கே ரெண்டு எடத்துல காப்பி எடுத்துடுங்க.

'முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்'னு ஒரு பேப்பர நீட்டுவாங்க. மத்த பாகங்களோட வாரன்டி தொடரும்ங்கிற வரி ஜாப் ஷீட்ல ஏறினத உங்க கண்ணால படிச்சப்புறம் கையெழுத்துப் போடுங்க, அதுக்கு முன்னாடி பேனாவையே எடுக்காதீங்க.